அவர்கள் விட்டுச்சென்ற வேலை: இறந்தவர்களை அன்றாட நற்செயல்களால் நினைவுகூர்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவர் செய்துவந்த ஒரு சின்ன வேலையை அன்றிலிருந்து நான் செய்துவருகிறேன். இதை அறிந்தவர்கள், தங்கள் வீட்டில் ஒரு சாவு நேர்ந்த பிறகு என்னிடம் வந்து கேட்ட கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். அவற்றை ஒன்றாகச் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

நற்செயலால் ஒருவரை நினைவுகூர்வது என்றால் என்ன?

இறந்தவர் பிறருக்குச் செய்துவந்த ஒரு காரியத்தை, அவர் போன பிறகு அவர் இடத்தில் நின்று நீங்கள் செய்வது. அவ்வளவுதான்.

ஒருவர் இறக்கும்போது அவருடைய வீட்டாருக்கு மட்டும் இழப்பு நேர்வதில்லை. மாடிப்படியில் பையைத் தூக்க முடியாமல் நிற்கும் முதியவருக்கு உதவ ஒரு கை குறைந்துபோகிறது. பள்ளிவிட்டு வரும் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்கும் ஒரு குரல் இல்லாமல் போகிறது. அந்த முதியவரும் அந்தப் பிள்ளையும் துக்கம் விசாரிக்கப்பட வேண்டியவர்கள் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் அவர்களுக்கும் ஒருவர் போய்விட்டார். அந்தக் காலி இடத்தில் நீங்கள் போய் நிற்கிறீர்கள்.

சடங்குகளுக்கும் நினைவு நாளுக்கும் பதிலாக இதைச் செய்யலாமா?

பதிலாக என்று நான் சொல்லமாட்டேன். சடங்கு உங்களுக்கு ஆறுதல் தருகிறது என்றால் அதை விடாதீர்கள். வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ அது முக்கியம் என்றால், அவர்களுக்காகவாவது செய்யுங்கள். அதுவே ஒரு நற்செயல். நான் சொல்வது மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களைப் பற்றி.

எங்கிருந்து தொடங்குவது? எனக்கு எதுவும் தோன்றவில்லையே.

அவர் எப்படிப்பட்டவர் என்று யோசித்தால் எதுவும் தோன்றாது. "நல்ல மனிதர்", "தங்கமான மனசு" என்பதற்குமேல் நினைவு நகராது. அவருடைய கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று யோசியுங்கள். எதைத் தூக்கின, எதைப் பழுது பார்த்தன, யாருக்கு எதை நீட்டின? குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களிடமும் கேளுங்கள். கூட வேலை செய்தவர், தினமும் ஒரே பஸ்ஸில் போனவர், தெருவில் வணக்கம் சொல்லிக்கொண்டவர். நம் வீட்டு மனிதர்கள் வெளியே செய்த நல்லதில் பாதி நமக்குத் தெரியவே தெரியாது.

என் கதையைச் சொல்கிறேன். அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். ஒன்று அவருக்கு. மற்றொன்று, வங்கியிலும் தபால் நிலையத்திலும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் பேனா கேட்பது என்று சுற்றும்முற்றும் பார்ப்பவர்களுக்கு. பேனாவைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடவும் மாட்டார். எழுதத் தயங்குகிறவராக இருந்தால் தானே எழுதிக்கொடுத்து, ஒருமுறை வாசித்தும் காட்டுவார். சின்ன வயதில் எனக்கு இது பெரிய எரிச்சல். ஐந்து நிமிட வேலைக்குப் போனால் ஒரு மணி நேரம் ஆகும்.

அவர் இறந்த பிறகு சட்டையிலிருந்து அந்த இரண்டாவது பேனாவை எடுத்துப் பார்த்தேன். மூடியின் கொக்கி வளைந்திருந்தது. வேறு ஏதோ பேனாவின் ரீஃபிலை அளவுக்கு வெட்டி, அது ஆடாமல் இருக்கப் பின்னால் சிறு காகிதத் துண்டை மடித்துத் திணித்திருந்தார். அடுத்தவருக்குக் கொடுக்கும் பேனா எழுதாமல் போய்விடக்கூடாது என்று உட்கார்ந்து செய்திருக்கிறார்.

சில வாரங்கள் கழித்து, அவருடைய கணக்கை முடிப்பதற்காக வங்கிக்குப் போயிருந்தேன். மேசையில் நூல் கட்டி வைத்திருந்த பேனா எழுதவில்லை. பக்கத்தில் ஓர் அம்மா அதை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பேனாவை எடுத்து நீட்டினேன். எழுதிக்கொண்டே வந்தவர் கணவர் பெயர் என்ற கட்டத்தில் நின்றுவிட்டார். "தம்பி, இறந்துபோனவர் பெயருக்கு முன்னால் என்ன போட வேண்டும்?" என்று கேட்டார். "காலஞ்சென்ற என்று போடுங்கள் அம்மா" என்றேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். என் கையில் இருந்த படிவத்தில் அதே சொல்லைப் பத்து நிமிடத்துக்கு முன்புதான் நான் முதன்முறையாக எழுதியிருந்தேன்.

அன்றிலிருந்து நானும் இரண்டு பேனா வைத்திருக்கிறேன்.

இறந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. இப்போதே தொடங்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் தூங்குங்கள், சாப்பிடுங்கள், அழ வந்தால் அழுங்கள். பிறருக்கு நல்லது செய்து துக்கத்தைத் துரத்திவிடலாம் என்று ஓடுகிறவர்கள் உண்டு. சாவு நடந்த பத்தாம் நாளே ஊருக்கெல்லாம் உதவி செய்யக் கிளம்பி, மூன்றாவது மாதம் படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரு உளவியலாளர்கள் 1999இல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இரண்டு திசைகளுக்கு நடுவே ஊசலாடுகிறார். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, ஏக்கம், பழைய புகைப்படங்கள். மறுபக்கம் வாழ்க்கை: கட்ட வேண்டிய பில், புதிதாகக் கற்க வேண்டிய வேலைகள், புதிய மனிதர்கள். ஒரே பக்கத்தில் தங்கிவிடாமல் போய்ப் போய் வருவதுதான் இயல்பு என்பது அவர்கள் சொன்னது. என் அனுபவத்தில், இறந்தவரின் ஒரு வேலையைக் கையில் எடுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரு கணம் ஒன்றாகிவிடுகின்றன. அவரை நினைத்துக்கொண்டே உலகத்துக்குள் நடக்கிறோம். ஆனால் அதற்கு உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். வந்த பிறகு தொடங்குங்கள்.

இப்படி அவரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் துக்கம் தீராமல் நீண்டுவிடாதா? "மறந்துவிட்டு மேலே போ" என்கிறார்களே.

அந்த அறிவுரைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1917இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட், இறந்தவர்மேல் வைத்த பற்றை மனம் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று எழுதினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் மருத்துவர்களும் ஆலோசகர்களும் அதையே ஒட்டிப் பேசினார்கள்.

ஆனால் பிராய்டின் வாழ்க்கையே வேறு விதமாகப் போனது. 1920இல் அவருடைய மகள் சோஃபி இன்ஃபுளுயன்சாவில் இறந்துபோனார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, லுட்விக் பின்ஸ்வாங்கர் என்ற நண்பரின் மகன் இறந்தபோது பிராய்ட் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அன்று சோஃபி உயிரோடு இருந்திருந்தால் முப்பத்தாறு வயது நிறைந்திருக்கும். அந்த இடத்தை எதுவும் முழுமையாக நிரப்பாது, அப்படி இருப்பதுதான் சரி, நாம் விட்டுவிட விரும்பாத அன்பைத் தொடர வேறு வழி இல்லை என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். கருத்து மாறியதைவிட என்னை அதிகம் தொடுவது அந்த நாள். இறந்த மகளின் பிறந்தநாளில் ஒரு தகப்பன், மகனை இழந்த இன்னொரு தகப்பனுக்கு ஆறுதல் எழுத உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவதை அவர் ஒரு கடிதத்தில் செய்துவிட்டார்.

1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகிய ஆய்வாளர்கள், இறந்தவரோடு உள்ள உறவு அறுவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது என்ற பார்வையை முன்வைத்தார்கள். இன்று துக்க ஆலோசனை தருகிறவர்கள் பலர் அந்த வழியில்தான் பேசுகிறார்கள்.

இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் ஒரு தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கும் மேலாகக் கடுமையான வேதனை குறையாமல், அன்றாட வேலையே செய்ய முடியாத நிலை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். நற்செயல் மருந்துக்கு மாற்று ஆகாது.

இவ்வளவு சின்ன செயலால் என்ன ஆகிவிடும்? ஓர் அறக்கட்டளை தொடங்கினால் பெயர் நிலைக்குமே.

முடிந்தால் தொடங்குங்கள். தங்கை புற்றுநோயில் இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். அத்தகைய துக்கங்களுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. ஆனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாதே என்று ஏங்கிக்கொண்டே சும்மா இருந்துவிடுவதுதான் நம்மில் பெரும்பாலோருக்கு நடப்பது.

1948இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்ற நாற்பது வயது மனிதர் புற்றுநோயில் செத்துக்கொண்டிருந்தார். போலந்திலிருந்து வந்த யூதர். உணவகத்தில் பரிமாறும் வேலை செய்தவர். பக்கத்தில் உறவு என்று யாரும் இல்லை. தன் வாழ்க்கை எந்தத் தடமும் இல்லாமல் முடிகிறதே என்று வருந்தினார். மருத்துவமனைச் சமூகப் பணியாளரான சிசிலி சாண்டர்ஸ் அடிக்கடி அவர் அருகில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். சாகப்போகிறவர்கள் வலியில்லாமல், கவனிப்போடு இருக்க ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசினார்கள். டாஸ்மா தன்னிடம் இருந்த 500 பவுண்டை அவருக்கு எழுதிவைத்தார். "உங்கள் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்" என்று சொன்னார்.

ஜன்னலைச் சுற்றி வீடு கட்டப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. சாண்டர்ஸ் அதற்காகவே மருத்துவம் படித்து, 1957இல் டாக்டரானார். 1967இல் செயிண்ட் கிறிஸ்டோபர் மருத்துவ இல்லம் திறக்கப்பட்டது. உலகெங்கும் இன்று நடக்கும் வலிதணிப்பு சிகிச்சைக்கு அது ஒரு தொடக்கப் புள்ளி. அங்கே டாஸ்மாவின் ஜன்னலும் இருக்கிறது.

இதை யாரையும் பெரிதாகச் செய்யத் தூண்டுவதற்காகச் சொல்லவில்லை. இதில் முதலில் நடந்தது என்ன என்று பாருங்கள். தனியாகக் கிடந்த ஒருவர் பக்கத்தில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதை நீங்கள் இன்று மாலையே செய்யலாம்.

நினைவு நாளில் இரத்த தான முகாம் நடத்த நினைக்கிறோம். நல்லதுதானே?

மிக நல்லது. ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு செய்யுங்கள். கொடுத்த இரத்தத்தை ஆண்டு முழுவதும் சேமித்துவைக்க முடியாது. சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் அதிகபட்சம் 42 நாட்கள் வரை வைத்திருக்கலாம். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 5 முதல் 7 நாட்களுக்குள் பயன்பட்டாக வேண்டும். ஒரே நாளில் எழுபது பேர் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டுதான் திரும்பி வருவார்கள் என்றால், நடுவில் விபத்தில் அடிபட்டவருக்கும் பிரசவத்தில் இரத்தம் இழந்தவருக்கும் அது போய்ச் சேராது. அந்த எழுபது பேரை மாதத்துக்கு ஆறு பேராகப் பிரித்துவிட்டால் ஆண்டு முழுவதும் யாருக்காவது உதவும். முகாமுக்கு முன்பே இரத்த வங்கியைக் கூப்பிட்டு, எந்த வகை எப்போது தேவை என்று கேட்டுவிடுங்கள். ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க எட்டு வாரம் முதல் பதினாறு வாரம் வரை இடைவெளி கேட்பார்கள். நாட்டுக்கு நாடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் அது மாறும்.

முகாமில் எடுக்கும் கூட்டப் புகைப்படம் கிடைக்காமல் போகும். அது ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை.

யாருடைய நினைவாகச் செய்கிறேன் என்று உதவி பெறுகிறவரிடம் சொல்ல வேண்டுமா?

அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்காதபோது சொன்னால், வாங்கிக்கொண்டவர் உங்களுக்கு ஆறுதலும் சொல்லியாக வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். அவருக்கு அன்றைக்கு என்ன கவலையோ, அதோடு உங்கள் துக்கத்தையும் ஏற்றிவைக்கக்கூடாது. உதவி வாங்குகிறவர்களை நிற்கவைத்து, இறந்தவர் படத்தோடு சேர்த்துப் புகைப்படம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கூசுகிறது. அந்தப் படத்தில் தலைகுனிந்து நிற்கிறவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் அதைப் பார்ப்பார்கள்.

மனதுக்குள் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள். நான் பேனாவை நீட்டும்போது சொல்லிக்கொள்கிறேன்.

இறந்தவர் நல்லவராக இருக்கவில்லை. அடித்தார், குடித்தார், எங்களை விட்டுவிட்டுப் போனார். அவரை எப்படி நினைவுகூர்வது?

இந்தக் கேள்வியைத் தணிந்த குரலில், மற்றவர்கள் போன பிறகுதான் கேட்பார்கள். அதனாலேயே இதற்குக் கவனமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நினைவுகூர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. செத்துப்போனதால் ஒருவர் செய்தது மாறிவிடாது. "போனவரைப் பற்றித் தப்பாகப் பேசாதே" என்று உங்கள் வாயை அடைக்கிறவர்கள், அடி வாங்கியவர்கள் அல்லர். துக்கமே வரவில்லை என்றாலும், நிம்மதியாக இருந்தது என்றாலும், அதற்காக வெட்கப்பட வேண்டாம். வராத அழுகையை வரவழைக்கவும் வேண்டாம்.

ஆனாலும் சிலர், ஏதாவது செய்ய வேண்டும்போல் இருக்கிறது என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, அவர் உங்களுக்குத் தராததை இன்னொருவருக்குக் கொடுங்கள் என்பதுதான். எனக்குத் தெரிந்த ஒருவரின் தகப்பனார் ஒருநாள்கூட மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனதில்லை. வாசலில் கடைசிப் பிள்ளையாக இவர் நின்றுகொண்டிருப்பார். இன்று அவர் தன் மகளை அழைக்கப் போகும்போது, கூட்டம் கலைந்த பிறகும் பத்து நிமிடம் நிற்கிறார். யாராவது ஒரு பிள்ளை தனியாக நின்றால், அதன் வீட்டார் வரும்வரை பக்கத்தில் நின்று பேச்சுக்கொடுத்துக்கொண்டிருப்பார். இது அப்பாவை நினைவுகூர்வதா என்று கேட்டேன். "தெரியவில்லை. ஆனால் அங்கே நிற்கும்போது அவர்மேல் கோபம் வருவதில்லை" என்றார்.

குழந்தையை இழந்துவிட்டோம். அவன் பிறருக்கு என்ன செய்திருக்க முடியும், நாங்கள் தொடர்வதற்கு?

நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகச் செய்திருப்பான். வகுப்பு ஆசிரியரிடம், அவனோடு விளையாடிய பிள்ளைகளிடம் கேளுங்கள். அழுத பிள்ளைக்குத் தன் பென்சிலைக் கொடுத்திருப்பான். புதிதாகச் சேர்ந்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்திருப்பான். பிறக்கும் முன்போ பிறந்தவுடனோ போய்விட்ட குழந்தை என்றால், அதற்காகச் சேமித்துவைத்திருந்த நேரம் உங்களிடம் இருக்கிறது. அதில் கொஞ்சத்தை எப்போது, யாருக்குத் தருவது என்பதை நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவுசெய்யலாம். அவசரமே இல்லை.

1994இல் இத்தாலியில் சுற்றுலா போன ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் காரைக் கொள்ளையர்கள் சுட்டார்கள். ஏழு வயது நிக்கோலஸ் கிரீன் இறந்துபோனான். பெற்றோர் அவனுடைய உறுப்புகளையும், கண்ணின் கார்னியா என்னும் விழிவெண்படலங்களையும் தானமாகக் கொடுத்தார்கள். அந்த நாட்டைச் சேர்ந்த ஏழு பேர் பெற்றுக்கொண்டார்கள். மகனைப் பறித்த நாட்டின்மேல் அவர்களுக்குக் கோபம் வந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்தச் செயலுக்குப் பிறகு இத்தாலியில் உறுப்பு தானம் வெகுவாக உயர்ந்தது. ஆனால் எல்லாச் சாவிலும் அந்த வாய்ப்பு அமைவதில்லை, எல்லாப் பெற்றோராலும் அந்த நேரத்தில் முடிவெடுக்கவும் முடிவதில்லை. "நாங்கள் கொடுக்கவில்லையே" என்று இன்றும் வருந்துகிறவர்களிடம் சொல்கிறேன்: அந்த அறையில் நீங்கள் உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அதில் எந்தத் தவறும் இல்லை.

நண்பர் துக்கத்தில் இருக்கிறார். அவருக்கு நான் என்ன செய்யலாம்?

"என்ன வேண்டும் என்றாலும் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவரால் சொல்ல முடியாது. "வியாழக்கிழமை வந்து பிள்ளைகளை நான் கூட்டிப்போகிறேன்" என்று சொல்லுங்கள், போங்கள். இறப்புச் சான்றிதழ் நகல்கள், கணக்குகளை மாற்றுவது, ஓய்வூதியப் படிவம் என்று ஒரு மூட்டைக் காகித வேலை வரும். அதில் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மூன்றாவது மாதம் யாரும் இருக்கமாட்டார்கள், அப்போது போங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுதுவிடுவார் என்று பயப்பட வேண்டாம். அவர் ஏற்கெனவே அந்தப் பெயரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நடுவில் விட்டுப்போய்விட்டது. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

அவரும் எல்லா நாளும் செய்திருக்கமாட்டார். நாளை செய்யுங்கள்.

உங்கள் அப்பாவின் பேனா இன்னும் இருக்கிறதா?

இல்லை. நான்காவது ஆண்டு ஒருநாள், தபால் நிலையத்தில் ஓர் இளைஞருக்குக் கொடுத்தேன். அவர் எழுதி முடித்து, பதற்றத்தில் அதையும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார். வாசல்வரை ஓடினேன். அவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடாமல் நின்றேன். அப்பாவிடமிருந்து எத்தனை பேனாக்கள் இப்படிப் போயிருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் ஒரு டஜன் வாங்கினேன். எல்லாம் நீல மை. அப்பா கறுப்பில் எழுதமாட்டார்.